நீங்கள் நிப்பாட்டாமல் விட்டுப்போன கொம்பியூட்டர்

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அத்தான்,

உங்கள் வீட்டு விறாந்தையில், உங்கள் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவு மலரில் சொந்தக்காரர் ஆளுக்கொரு கடிதம் எழுதவேண்டும் என்று வாசுகி சொல்லிப்போட்டாள். மற்ற எல்லாரும் அரைப் பக்கத்தில் அழுது முடித்துவிட்டார்கள். எனக்கு நாலு பக்கம் வேண்டும் என்றேன். "மாமா, அச்சுக்கூடக்காரன் பாவம்" என்றாள் உங்கள் மகள்.

நான் எட்டாம் வகுப்போடு நிப்பாட்டினவன் என்று சபையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். எட்டாம் வகுப்புத்தான். ஆனால் அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு, அத்தான். இப்போது கம்பசில் படிப்பிக்கிறதை எங்களுக்கு அப்போதே முடித்துவிட்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்த வெளிநாட்டுக் கப்பலொன்றின் என்ஜின் நின்றுபோய், கப்டன் உப்புவெளிக்கு ஜீப் அனுப்பி என்னைக் கூப்பிட்ட கதையை நீங்கள் ஒருநாளும் நம்பவில்லை. இன்றைக்காவது நம்புங்கள். மறுத்துக் கதைக்க இனி உங்களால் ஏலாது.

சரி, பகிடியை விடுவோம். நேரில் என்றால் ஒரு பிளேன்ரீ ஆறுகிற நேரத்துக்குள் சொல்லியிருப்பேன். இது உங்கள் கொம்பியூட்டரைப் பற்றிய கதை. அதற்குள் இருந்த சுதனின் குரலைப் பற்றிய கதை. என் அக்காவிடமிருந்து அந்தக் குரல் போகப் பார்த்தது, அத்தான்.

இந்த மலரை வாசிக்கிற எல்லாருக்கும் சுதனைத் தெரியாது. உங்கள் மூத்தவன், என் மருமகன். சம்பூர்ப் பக்கத்துச் சனம் சண்டையில் சிதறி ஓடின காலத்தில், சித்தப்பா வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வாறன் என்று சைக்கிளில் வெளிக்கிட்டவன். எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். அக்கா இன்றைக்கும் "வெளிக்கிட்டவன்" என்றுதான் சொல்லுவா. வேறு சொல் எதையும் அந்த வீட்டுக்குள் ஒருவரும் பாவிக்கிறதில்லை.

அவன் சின்னப் பெடியனாக இருந்தபோது நீங்கள் கசெற்றில் பதிந்த ஒரு பதிவு. மூதூர் போகிற லோஞ்சுப் படகுக்கு ஆள் கூவி ஏற்றுகிறவனைப்போல் நடித்துக்காட்டுவான். "மூதூர், மூதூர், மூதூர்! ஐயா, குடையை மடக்குங்கோ! அக்கோய், கோழியைத் தூக்கி மடியில வையுங்கோ!" நடுவில் குசினிக்குள் இருந்து அக்கா கூப்பிடுகிறா: "சுதன், சாப்பிட வா!" அவன் சொல்லுகிறான்: "பொறுங்கோம்மா, வாறன்."

கசெற் சிக்கி அறுந்துபோக முதல் அதை உங்கள் அறைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றினவர் நீங்கள். ஹோலில் கிடக்கிற லப்டொப்பில் அக்காவுக்கென்று ஒரு மஞ்சள் பெட்டிப் படமும் போட்டுக் கொடுத்தீர்கள். பின்னேரம் விளக்கு வைத்த கையோடு அக்கா வந்து அதை அமத்துவா. சுதன் கூவுவான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு.

நீங்கள் போன அன்று காலையில் கொம்பியூட்டரைப் போட்டுவிட்டு, இழுவைப் படகில் ஏதோ வயர் வேலை என்று துறைமுகத்துக்குப் போனீர்கள். பின்னேரம் ஆஸ்பத்திரியில் இருந்து போன் கோல் வந்தது. அந்த அழுகைக்குள்ளும் நான் மறக்கவில்லை; நிப்பாட்டுவோம் என்று உங்கள் அறைக்குப் போனேன். அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றா.

"அவர் போட்டது. நீ கை வையாதை."

அதற்குப் பிறகு சட்டம் போட்டா. அந்தியேட்டி முடியும் மட்டும் தன்னைத் தவிர ஒருவரும் அந்த அறைக்குள் கால் வைக்கக்கூடாது. நீங்கள் இருக்கிற கதிரைக்கு முன்னால், கொம்பியூட்டர் மேசையிலேயே விளக்கும் செம்புத் தண்ணீரும். காலையிலும் பின்னேரமும் சாம்பிராணி. வாடைக்காற்று விளக்கை அணைத்துப்போடும் என்று ஜன்னல் எல்லாம் இறுக்கிப் பூட்டு.

கரண்ட் போனாலும் நிற்காதபடி லொறிப் பற்றரி பூட்டி வைத்தவரும் நீங்கள்தானே? அப்படி ஓடிக்கொண்டே இருந்தது. ஆள் இல்லாத அறைக்குள், புகைக்குள், அந்த விளக்கு வெளிச்சத்தில் தனிய ஓடிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியும்வரை செத்தவீட்டில் பாட்டும் இல்லை, ரீவியும் இல்லை. லப்டொப்பையும் ஒருவரும் திறக்கவில்லை. அது முடிந்த பின்னேரம் அக்கா வந்து மஞ்சள் பெட்டியை அமத்தினா. சத்தமே இல்லை. பெட்டியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளடி, பிழையான கணக்குக்குப் போடுகிற மாதிரி. திரும்ப அமத்தினா. திரும்பவும் புள்ளடி.

"தம்பி, சுதன் கதைக்கிறானில்லை."

எனக்கும் பயம்தான். ஆனால் காட்டிக்கொள்கிற ஆளா நான்? "அக்கா, நான் இருக்கிறன், ஏன் பயப்பிடுறியள்?" என்றேன். ஸ்பீக்கரைக் கழற்றிப் பூட்டினேன். லப்டொப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். பிறகு லப்டொப்பின் செற்றிங்குக்குள் போய், பழைய குப்பை என்று எது எது கண்ணில் பட்டதோ அதெல்லாவற்றையும் துடைத்துச் சுத்தம் செய்தேன். நேவிக் காம்பில் இருந்து வந்து என்னிடம் கேட்டுப்போவார்கள், இந்த வேலைகளை.

சரிவரவில்லை. வாசுகிக்குப் போன் அடித்தேன். அவள் லீவு முடிந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டியூட்டிக்குப் போயிருந்தாள். வார்ட்டில் நின்றுகொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு கதைத்தாள்.

"மாமா, லப்டொப் எந்த வைபையில நிக்குது?"

"எங்கட வைபையிலதான்."

"பெயரை வாசியுங்கோ."

வாசித்தேன். பக்கத்து வீட்டு ரியூசன் ரீச்சரின் பெயர்.

"மாமா!"

"அது செத்தவீட்டுக்கெண்டு போட்டது, பிள்ளை. அப்பிடியே நிண்டுட்டுது."

உண்மைதான் அத்தான். கனடாவில் இருக்கிற உங்கள் தங்கச்சிக்கு உங்கள் கிரியைகளை நேரடியாகக் காட்டவேண்டும் அல்லவா? எங்கள் லைன் இழுபடுகிறது என்று ரீச்சரிடம் பாஸ்வேர்ட் வாங்கி லப்டொப்பை அவவின் வைபையில் பூட்டினேன். கமராவைப் பிடித்ததும் நான்தான். படம் பார்த்த மாதிரி இருந்தது என்று உங்கள் தங்கச்சி சொன்னா. எடுத்த கையோடு திரும்ப எங்கள் வைபைக்கு மாற்றவேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கு நினைவு வரும்?

"ரெண்டு கொம்பியூட்டரும் ஒண்டையொண்டு காணவேணுமெண்டா ஒரே வீட்டிலதானே நிக்கவேணும்?" என்றாள் வாசுகி. "இது பக்கத்து வீட்டில போய் நிண்டுகொண்டு அப்பாவைத் தேடுது."

"அப்ப சுதன்ர குரல் இந்த லப்டொப்புக்குள்ள இல்லையோ?"

"இல்லை மாமா. ஒருநாளும் இருந்ததில்லை. அது அப்பான்ர கொம்பியூட்டருக்குள்ளதான் இருக்கு. லப்டொப் அங்கயிருந்து எடுத்துப் பாடிக்காட்டுறது, அவ்வளவுதான். அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ. பயந்துபோவா."

நான் சொல்லவில்லை. எங்கள் வைபைக்கு மாற்றினேன். நெட்வேர்க் என்று இருக்கிற இடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அக்காவும் நானும் பார்த்தபடி நின்றோம். வெறுமையாகக் கிடந்தது. வெளியில் மழை பிடித்துவிட்டது. பிறகு, குளத்துக்குள் இருந்து ஏதோ மிதந்து வருகிற மாதிரி, ஒரு சின்னக் கொம்பியூட்டர்ப் படம் மேலே வந்தது. அதற்குக் கீழே ஒரு பெயர். ஆங்கில எழுத்தில், சுதன்.

உங்கள் கொம்பியூட்டருக்கு அவன் பெயரை வைத்திருந்தீர்கள். எனக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை. ஒவ்வொருநாளும் அதைப் போடும்போது மனதுக்குள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டா இருந்தீர்கள், அத்தான்?

"சுதன் நிக்கிறான்" என்றா அக்கா. சத்தமே இல்லாமல் சொன்னா. விரலை நீட்டித் திரையைத் தொட்டா. தொட்ட கையோடு பெயர் மறைந்துபோனது.

"எங்க போயிட்டான்?"

"வருவான் அக்கா. கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். வாயால் சொன்ன பிறகுதான், என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது.

வந்தது. போனது. திரும்ப வந்தது. ஒருமாதிரி அமத்திப் பிடித்தேன். பெயரும் பாஸ்வேர்ட்டும் கேட்டது. முன்னம் ஒருநாளும் கேட்காதது.

"மாமா, நீங்கள் எதையாவது அழிச்சனீங்களோ?" என்றாள் வாசுகி.

"நான் அழிக்கேல்லை. ஒழுங்குபடுத்தினனான்."

"அப்பா பாஸ்வேர்ட்டை அதுக்குள்ள சேமிச்சு வைச்சிருந்தவர், மாமா. அதைத்தான் நீங்கள் ஒழுங்குபடுத்தியிருக்கிறீங்கள்."

எனக்கென்ன தெரியும்? உங்கள் பெயர், அக்காவின் பெயர், வாசுகியின் பிறந்த திகதி, நீங்கள் வேலை செய்த படகின் பெயர், எல்லாம் அடித்துப் பார்த்தேன். கடைசியில் திரையில் ஒரு பெட்டி எழும்பி, நீளமாக ஆங்கிலத்தில் என்னமோ சொன்னது. எனக்கு ஆங்கிலம் தண்ணீர் மாதிரி என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் கண்ணாடி எடுத்துவரவில்லை. எழுத்தெழுத்தாக வாசுகிக்குச் சொன்னேன்.

"உங்களுக்கு அனுமதி இல்லையாம் மாமா. நிர்வாகியோட தொடர்பு கொள்ளட்டாம்."

"ஆர் நிர்வாகி?"



"அப்பா" என்றாள்.

அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்து ஃபோல்டரைத் திரும்பத் திறந்துவிடவேண்டும், வேறு வழியில்லை என்றாள். நான் அக்காவைக் கேட்டேன். "அந்தியேட்டி முடியட்டும்" என்றா. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவவுக்கு அவசரம் இல்லை. லப்டொப்புக்குள் சுதன் பத்திரமாக இருக்கிறான், ஏதோ பூட்டுத்தான் சிக்கியிருக்கிறது என்று அவ நினைத்துக்கொண்டிருந்தா.

அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தை நான் ஒழுங்காகக் கேட்டேன்.

உங்கள் அறைக்கதவில் காதை வைத்தேன். ஃபான் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. அதற்குள்ளே இன்னொன்று. டக். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு டக், டக். உப்புவெளியில் எத்தனை வள்ளத்து என்ஜினைத் திறந்தவன் நான், அத்தான். கப்பல் கதையை நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள். அந்தத் தட்டல் கேட்டால் நான் சொந்தக்காரனைப் பார்த்து, இந்த வள்ளத்தைக் கடலில் இறக்காதை என்று சொல்லுவேன். அது கரைக்குத் திரும்பி வராத சத்தம்.

வாசுகிக்குப் போனில் கேட்கவைத்தேன். "டிஸ்க் போகுது மாமா" என்றாள். "நிப்பாட்டிப்போடாதேங்கோ. நிப்பாட்டினா பிறகு எழும்பாது. ஓடவிட்டாலும் கனகாலம் ஓடாது."

இதை அக்காவிடம் எப்படிச் சொல்லுவேன்? அவ ஒவ்வொரு பின்னேரமும் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருப்பா. துறைமுகத்தில் கப்பல் குழல் ஊதும். மழை தகரத்தில் கொட்டும். அவவுக்கு அதெல்லாம் காதில் விழாது. உள்ளுக்குள் ஓடுகிற அந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பா.

"அக்கா, அது நல்ல சத்தமில்லை" என்று ஒருநாள் மெல்லத் தொடங்கினேன்.

"அவர் எப்பவும் அப்பிடித்தான். வேலை சரிவராட்டிப் பெருமூச்சு விடுவார்."

அவ சிரித்துக்கொண்டு சொன்னா, அத்தான். நீங்கள் போனபிறகு அவ சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். நான் எழும்பி வெளியில் போய் மழைக்குள் நின்றேன்.

ஒவ்வொரு நாளும் சத்தம் மாறியது. ஃபான் ஒருநாள் ஊளையிட்டது, அடுத்தநாள் இருமியது. தட்டல் கிட்டக்கிட்ட வந்தது. லப்டொப்பில் அந்தப் பெயர் வருவது குறைந்து, மறைந்திருப்பது கூடியது. உங்கள் பூட்டின அறைக்குள் நீங்கள் திரும்பவும் ஒருமுறை போய்க்கொண்டிருக்கிற மாதிரி எனக்கு இருந்தது. இந்த முறை மகனையும் கூட்டிக்கொண்டு. கொழும்புக்குப் போய்வந்தவன், கப்டன்மாரோடு கதைத்தவன், வாசலில் நின்று வாய் திறக்க ஏலாமல் நின்றேன்.

போன கிழமை ஒரு மத்தியானம். மழையில் வீடெல்லாம் இருட்டாகிக் கிடந்தது. அக்கா சாம்பிராணித் தட்டோடு உள்ளே போனவ, கொண்டுபோன தட்டோடு உடனே திரும்பி வந்தா.

"தம்பி, உள்ளுக்கு வெக்கை. பெட்டி கொதிக்குது. ஒரு மணமும் வருது."

அப்போது சொன்னேன். பகிடி இல்லாமல், பூச்சு இல்லாமல் நான் கதைத்தது என் சீவியத்தில் அந்த ஒரு தரம்தான்.

"அக்கா, லப்டொப்புக்குள்ள சுதன் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அவன்ர குரல் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. அது சாகப்போகுது. அது நிண்டா அவன்ர குரலும் நிண்டுபோம்."

என்னைப் பார்த்தபடி நின்றா. தட்டில் இருந்த நெருப்பு அவவின் கையைச் சுட்டிருக்கவேண்டும். அசையவில்லை.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

கேட்ட கையோடு திரும்பிவிட்டா. உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவிட்டா. வாடைக்காற்று ஒரே அடியாக உள்ளே பாய்ந்து, அந்தியேட்டி மட்டும் அணையக்கூடாது என்று அவ பொத்திப் பொத்தி வைத்த விளக்கை அணைத்தது. அவ அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கையும் செம்பையும் தூக்கி நிலத்தில் வைத்தா.

"நிண்டு பாக்காமல் உள்ளுக்கு வா."

வந்தேன், அத்தான். பெட்டியின் பின்பக்கம் முழுவதும் கறுப்பு. எண்ணெய்ப் புகையும் சாம்பிராணித் தூளும் ஃபானில் அப்பி, வள்ளத்துக்குத் தார் பூசின மாதிரி இருந்தது. உங்கள் ஆத்மா சாந்திக்கென்று அக்கா வைத்த விளக்கை அந்தப் பெட்டி இரவும் பகலும் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தா. நாங்கள் இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. இன்றுவரைக்கும் கதைக்கவில்லை.

பெண்டிரைவ் கொண்டுபோனேன். முன்பக்கத் துவாரங்களை உப்புக்காற்று அரித்துப்போட்டிருந்தது, ஒன்றும் பிடிக்கவில்லை. பின்னுக்கு இருக்கிறதுகளோ புகைக்கறுப்புக்குள். லப்டொப்பைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தேன். வாசுகி போனில். அக்கா உங்கள் கதிரையில் இருந்தா.

கதிரையில் நான் இருக்கிறேன் என்று சொன்னேன்தான். "நீ அங்கால நில்" என்றா.

"அம்மா, அந்த ஃபோல்டர்ல வலப்பக்கத்தால அமத்துங்கோ. வந்ததோ? அதில பகிர்வது எண்டு இருக்கும், இங்கிலீசில. இப்ப எல்லாருக்கும் எண்டதைத் தெரிவுசெய்யுங்கோ."

"எல்லாருக்குமோ? ரீச்சர் வீட்டாருக்குமோ?"

"அவைக்கு இல்லையம்மா. எங்கட வைபையில நிக்கிற ஆக்களுக்கு."

"அப்ப சரி."

அக்கா நாலாம் வகுப்பு, அத்தான். என்னைவிட நாலு வகுப்புக் குறைவு. நீங்கள் பின்னேரங்களில் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுத்திருப்பீர்கள்போல. நடுங்காமல் செய்தா. லப்டொப்பில் சுதன் என்ற பெயர் வந்து நின்றது. இந்த முறை கதவு திறந்தது. உள்ளே உங்கள் சாமான் எல்லாம் வரிசையாகக் கிடந்தது.

"அம்மா, எல்லாத்தையும் ஒரேயடியாக இழுக்காதேங்கோ. டிஸ்க் தாங்காது. ஒவ்வொண்டா எடுப்பம்." வாசுகியின் குரல் இறங்கிவிட்டது. "அண்ணான்ர ஃபோல்டர் ஒண்டு இருக்கு. அதுக்குள்ள அவன்ர குரலும், அப்பா ஸ்கான் பண்ணி வைச்ச படங்களும். மற்றது அப்பான்ர படங்கள். நான் லீவில வரேக்க எடுத்தது எல்லாம். என்ர போனில இடமில்லை எண்டு அப்பா எல்லாத்தையும் அதுக்குள்ள மாத்திப்போட்டவர். என்னட்ட ஒண்டும் இல்லையம்மா." பிறகுதான் கேட்டாள். "எது முதல்?"

அக்கா யோசிக்கவில்லை.

"சுதன்."

போனில் நின்றவள் வாசுகி. தகப்பனைப் பறிகொடுத்து மாதம் முடியாத பிள்ளை. அவளும் அந்த வீட்டுப் பிள்ளைதானே? எனக்கு அக்காவைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. அவள் பக்கத்தையும் ஒருக்கால் நினையுங்கோ என்று சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

"ஓம் அம்மா" என்றாள் வாசுகி. "அதுதான் சரி."

பச்சைக்கோடு ஊர்ந்தது. நின்றது. பெட்டிக்குள் டக், டக், டக். திரும்ப ஊர்ந்தது. அக்கா கையைப் பெட்டியின் மேல் வைத்திருந்தா. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். எல்லா மதத்து ஆட்களையும் கூப்பிட்டேன். திருகோணமலையில் அதற்குப் பஞ்சம் இல்லை. கோடு கடைசி மட்டும் போய் நிறைந்தது.

அக்கா லப்டொப்பில் அமத்தினா. சுதன் கூவினான். மூதூர், மூதூர், மூதூர்.

அக்கா கேட்டு முடிக்கும்வரை நிற்கவில்லை, அத்தான். அதை நீங்கள் அறியவேண்டும். அவன் கூவிக்கொண்டிருக்கும்போதே உங்கள் படங்களை இழுத்துவிட்டா. "வாசு, இப்ப அப்பா" என்று போனுக்குள் கத்தினா. பச்சைக்கோடு தொடங்கவே இல்லை. உள்ளுக்குள் ஒரு முனகல். பிறகு பெட்டி நின்றது. ஃபானும் நின்றது. அத்தனை நாளும் அந்த வீட்டுச் சுவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றபோது, காது அடைத்த மாதிரி ஆகிவிட்டது. மழை பெய்துகொண்டிருக்கிறது என்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

"அம்மா? அம்மா, வருதோ?" என்று வாசுகி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் போனை வாங்கி, "இல்லை பிள்ளை" என்றேன்.

ஆகவே இந்த மலரின் முகப்பில் இருக்கிற படத்தைப் பார்த்து ஒருவரும் குறை நினைக்கவேண்டாம். உங்கள் துறைமுகப் பாஸ் அட்டையில் இருந்து எடுத்துப் பெருப்பித்தது. கன்னத்தில் பாதி முத்திரை விழுந்திருக்கிறது. நீங்கள் அப்படி முறைத்துப் பார்க்கிற ஆள் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். நல்ல படங்கள் இருந்தன. சிரிக்கிற படங்கள். டிஸ்க்கை ரவுணுக்குள் மூன்று கடையில் காட்டினேன். ஒருவன் காதில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்குச் செய்யவேண்டிய கிரியையைச் செய்யுங்கோ" என்றான். கொழும்பில் ஒரு பெரிய இஞ்சினியர் என் சினேகிதன் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி ஒருவனை இனித்தான் தேடவேண்டும்.

வாசுகி வந்திருக்கிறாள். தாயும் மகளும் குசினிக்குள் கதைத்துச் சிரித்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். ஆனால் பின்னேரம் சுதன் கூவத் தொடங்கினால் வாசுகி எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுகிறாள். அக்கா அதைக் காணாத மாதிரி இருக்கிறா. கோபிக்காதேங்கோ, அத்தான். நீங்கள் போனவர் என்று எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குக் கொள்ளி வைத்ததை எல்லாரும் கண்டோம், கனடாவிலும் கண்டார்கள். அவனை அப்படி ஒருவரும் காணவில்லை. அதுதான் அவவுக்கு அவன் முதல்.

நேற்று ஐயர் வந்தார், வெள்ளிக்கிழமைச் சாமான்களைச் சொல்ல. பிதிர்களின் பெயர்களையும் கேட்டார். உங்கள் தகப்பன், அவரின் தகப்பன், எல்லாம் சொன்னோம். பிறகு அவர், வழக்கமாகக் கேட்கிறதுதான், "பிள்ளைகளில ஆரும் முன்னமே போனவை இருக்கினமோ? சேர்த்துச் சொல்லலாம்" என்றார். அக்கா கையில் இருந்த தேத்தண்ணித் தட்டை நிலத்தில் வைத்தா. வாசுகி என்னைப் பார்த்தாள். ஒருநாளும் ஒரு கேள்விக்கும் பதில் இல்லாமல் நிற்காத நான், அப்போதும் நிற்கவில்லை. "ஒரு பிள்ளையும் இல்லை ஐயா" என்றேன். "மூத்தவன் வெளியில போயிருக்கிறான்." ஐயர் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

அத்தான், இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு மட்டும். இந்த மலரை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகட்டும்.

நீங்கள் போன இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்கு இப்போது தெரியும். எங்களுக்குத் தெரியாத அந்த ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் வாசலில் கால் வைத்த உடனேயே தெரிந்திருக்கும். அவன் அங்கே இல்லையென்றால், நல்லது, கனவில் வந்தாவது அக்காவுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கோ. அவன் அங்கே நின்றால், உங்களைக் கண்டு ஓடி வந்திருந்தால், அவனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கோ. எங்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

நானும் கேட்கமாட்டேன். எத்தனையோ கதையைக் கூட்டிக் குறைத்து அவிழ்த்துவிட்ட இந்த வாயால், அதை மட்டும் ஒருநாளும் உங்களிடம் கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன். அக்கா இருக்கும்வரைக்கும் அவன் வெளியில் போனவனாகவே இருப்பான். அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் பவளத்தின் ஒரே தம்பி,
சுதனுக்கும் வாசுகிக்கும் தாய்மாமன்,
குணம்